ஒரு நாளில் நாற்பத்திரண்டு மலைமுடிகள்



இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த கெசிக் என்னும் சிற்றூரில் விருந்தினர் விடுதி நடத்தியவர் பாப் கிரகாம். 1932ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் அவ்வூரினின்றும் புறப்பட்டு, 42 மலைமுடிகளைக் கடந்து, 24 மணி நேரத்திற்குள் அங்கேயே திரும்பினார். தொலைவு ஏறத்தாழ 106 கிலோமீட்டர். ஏறிய உயரங்களைக் கூட்டினால் 8,000 மீட்டருக்கும் மிகும். அஃதாவது, நம் கினபாலு மலையைப் போல் இரு மடங்கு!

இத்தகைய ஓட்டத்தை வேகம் ஒன்றினாலேயே வெல்லவியலாது. செங்குத்தான ஏற்றங்களில் ஓட்டக்காரர் நடந்தே செல்வர். சமநிலத்திலும் இறக்கத்திலும் ஓடுவர். இறக்கமே தொடைத் தசைகளை மிகுதியும் வருத்தும். ஆதலின், தொடக்கத்தில் வலிமையைச் சேமித்தல் வேண்டும். பசிக்குமுன்னரே சிறிது சிறிதாக உண்ணுதலும் வேண்டும்.

கிரகாமின் அருஞ்செயலை மற்றொருவர் செய்து முடிக்க 28 ஆண்டுகள் ஆயின. இன்று பலர் அவ்வழியே ஓடுகின்றனர். ஒவ்வொரு முடியிலும் உடனிருந்து சான்று பகரத் துணைவர் ஒருவர் வேண்டுமென்பது விதி. துணைவரே உணவு சுமப்பர். இருளில் வழியும் காட்டுவர்.

ஓடியவர் பெயரே ஏட்டில் ஏறும். ஆயினும், துணைவரின்றி அப்பெயர் இல்லை. நம் பள்ளி விளையாட்டுப் போட்டியிலும், தோழனுக்கு நீர் ஏந்தி நிற்கும் மாணவனை மறவாதீர்.