ஓட்டல் அறைக்கு ஏலம் கேட்கலாமா?

நேராக ஓட்டல் வரவேற்பறைக்குப் போய், "உங்கள் வாடகை எனக்கு வேண்டாம், நான் சொல்லும் விலைக்கு அறை கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வாசலைக் காட்டுவார்கள். ஆனால் கம்ப்யூட்டர் வழியாக இதே கேள்வியைக் கேட்க ஒரு வெப்தளம் இடம் கொடுத்தது. அமெரிக்காவின் பிரைஸ்லைன்தான் அது. 1998ல் விமான டிக்கெட்டில் ஆரம்பித்து ஓட்டல் அறைக்கும் வந்தார்கள். 'உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்' என்பது அந்த வசதியின் பெயர். விமான டிக்கெட்டுக்கு 2016ல் இதை நிறுத்தினார்கள். பிறகு ஓட்டலுக்கும் நின்றுவிட்டது. ஆனாலும் அது எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்று கடைசி நேர அறை விற்கும் தளங்களின் சூட்சுமம் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஓட்டல்காரர் பக்கம் நின்று யோசிப்போம். நியூயார்க் மன்ஹாட்டனில் 300 அறை உள்ள ஓட்டல். இன்று இரவு 40 அறை காலி. விடிந்தால் அந்த இரவின் வாடகை போனதுதான், மாலையில் மிஞ்சிய பூ மாதிரி. விலையைக் குறைத்து விற்கலாம். ஆனால் தன் பெயரைப் போட்டுக் குறைத்தால், முழு வாடகை கொடுத்தவர் நாளை சண்டைக்கு வருவார். அதனால் பெயரை மறைத்து விற்றார்கள். விஷயமே இந்த மறைப்பில்தான் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நகரம், தேதி கொடுக்க வேண்டும். டைம்ஸ் ஸ்கொயர், மிட்டவுன் ஈஸ்ட் என்று வரைபடத்தில் பிரித்திருக்கும் பகுதிகளில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். எத்தனை நட்சத்திர ஓட்டல் என்று சொல்ல வேண்டும். ஓர் இரவுக்கு எத்தனை டாலர் தருவீர்கள் என்று டைப் செய்து, கிரெடிட் கார்டு எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். கேட்ட விலை ஏற்கப்பட்டால் அந்த நிமிடமே பணம் பிடிக்கப்படும். ஓட்டலின் பெயர் அதற்குப் பிறகுதான் தெரியும். பிடிக்கவில்லை என்று திருப்பித் தர முடியாது.

பேச்சு வழக்கில் இதை ஏலம் என்றாலும், உண்மையில் இது ஏலம் இல்லை. உங்களுக்கு எதிராகக் கை தூக்க யாரும் கிடையாது. ஓட்டல் தன் கடைசி விலையை முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும். நிரல் எழுதுகிறவனாகச் சொன்னால், நீங்கள் கேட்ட விலை அதைவிடக் குறைவா, கூடவா என்று பார்க்கும் ஒரே ஓர் ஒப்பீடு. ஓட்டல் 85 டாலர் என்று வைத்திருக்க, நீங்கள் 110 கேட்டால்? அறை கிடைக்கும். மீதி 25 டாலர் உங்களுக்குத் திரும்பாது, ஓட்டலுக்கும் போகாது. நடுவில் நிற்கும் தளத்துக்குத்தான். (இந்த முறைக்கு 1998லேயே அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள். அதை வைத்து 1999ல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்கும் போட்டார்கள்!)

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் 70 டாலரில் ஆரம்பித்து 80, 90 என்று ஏறினார்கள். அதற்கும் ஒரு தடை உண்டு. அதே பகுதி, அதே நட்சத்திரம் என்றால் மறுபடி கேட்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடனே கேட்க வேண்டுமானால் இன்னொரு பகுதியைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் ஒரு குறுக்கு வழி. நீங்கள் கேட்பது நாலு நட்சத்திரம். நாலு நட்சத்திர ஓட்டலே இல்லாத பகுதி ஒன்றைச் சேர்த்தால்? அங்கே அறை விழ வழியில்லை. ஆனால் மறுபடி கேட்க ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும். எனக்கு இந்த மூளை ரொம்பவே பிடித்திருக்கிறது.

இனி இன்றைய நிலவரம். பிரைஸ்லைனில் 'எக்ஸ்பிரஸ் டீல்ஸ்', ஹாட்வயரில் 'ஹாட் ரேட்' என்று பார்க்கலாம். விலையை அவர்களே சொல்லிவிடுகிறார்கள், பெயரை மட்டும் பணம் கட்டும்வரை மறைக்கிறார்கள். பகுதி, நட்சத்திரம், வசதிகள், விருந்தினர் கொடுத்த மதிப்பெண் ஆகியவை தெரியும். இன்னொரு டேபில் பெயரோடு இருக்கும் சாதாரணப் பட்டியலைத் திறந்து இவற்றை ஒப்பிட்டால், மறைத்த ஓட்டல் எது என்று இரண்டு மூன்றுக்குள் சுருக்கிவிடலாம். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

என் அலுவலக நண்பர் ஒருவரின் பெற்றோரும் தங்கையும் நியூயார்க்கில் ஓர் இரவு தங்க வேண்டியிருந்தது. நல்ல விலையில் ஒரு மறைப்பு அறை கண்ணில் பட்டது. அவர் மவுஸை அழுத்தப் போனார், நான் தடுத்தேன். இந்த வகை அறையில் பொதுவாக இரண்டு பெரியவர்களுக்குத்தான் உத்தரவாதம். ஒரு கட்டிலா, இரண்டு கட்டிலா என்பதும் ஓட்டலின் விருப்பம். மூன்று பேரை ராத்திரி பதினோரு மணிக்கு வரவேற்பறையில் நிறுத்தி, "இடமில்லை" என்றால் பணமும் போய், தங்க இடமும் போய்விடும். கூடுதலாகக் கொடுத்து, பெயர் தெரிந்த ஓட்டலில், ரத்து செய்யக்கூடிய அறையாக எடுத்தோம்.

விலையைப் பார்க்கும்போது வரியையும் கணக்கில் வையுங்கள். நியூயார்க் நகரில் அறை வாடகைக்கு 14.75 சதவீத வரி, அதற்கு மேல் ஓர் இரவுக்கு 3.50 டாலர். 150 டாலர் அறை 175.63 ஆகிவிடும். முன்பெல்லாம் 'வசதிக் கட்டணம்' என்று ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் நுழைப்பார்கள். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்பது விதி. அரசு வரி மட்டும் தனியாக வரலாம்.

அறை யார் பெயரில் பதிவாகிறதோ அவர் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். ஓட்டலில் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் அது விடுபடச் சில நாள் ஆகும், கையில் வேறு பணம் இருக்கட்டும்.

நள்ளிரவு தாண்டித் தேடுகிறவர்கள் தேதியை இரண்டு முறை பாருங்கள். 12ம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு உங்களுக்கு வேண்டியது 11ம் தேதி இரவுக்கான அறை. தளம் 12 என்று காட்டி விற்றால், அன்று மதியம்தான் கதவு திறக்கும். அந்த நேரத்தில் மவுஸை விட்டுவிட்டு ஓட்டலுக்கே போன் செய்வது நல்லது.