பவர் எழுதி வாங்கினால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. அவர் உழைத்து வாங்கிய பன்னிரண்டு மா நிலமும் வீடும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. மூன்று வருடமாக ஞாபக மறதி. டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில நாள் என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் ‘மேட்டூர் திறந்தாச்சா, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா’ என்று மட்டும் தினம் கேட்கிறார். கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பணம் அவர் கணக்கில் கிடக்கிறது. கையெழுத்து மாறிப்போனதால் எடுக்க முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ‘பவர் எழுதி வாங்கிடு அக்கா’ என்கிறான். சித்தப்பாவோ, தன் மகனுக்கு நிலம் எழுதித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்தார் என்று சொல்லி, அவரைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போகப் பார்க்கிறார். கோர்ட்டுக்குப் போனால், இருக்கிற அப்பாவையே இல்லாதவராக ஆக்கிவிடுவோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?
– வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: சகோதரி, சித்தப்பா விஷயம் நாளைக்குக்கூடத் தாங்காது. டாக்டர் சான்றின் நகலோடு சார்பதிவாளருக்கு ஆட்சேபனை மனு எழுதி, நேரில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். எழுதிக் கொடுப்பவர் சித்த சுவாதீனம் இல்லாதவராகத் தெரிந்தால் பதிவை மறுக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்கிறது. இதற்குள் எழுதி முடித்திருந்தாலும் கலங்க வேண்டாம். அப்பாவின் சார்பில், அவருடைய காப்பாளராக நின்று நீங்கள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ஏற்கனவே ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தம்பி சொல்லும் பவர் உங்களுக்குக் கைகொடுக்காது. அவர் இருக்கும் சிங்கப்பூரில், புத்தி தெளிவாக இருக்கும்போதே ஒரு அதிகாரப் பத்திரம் எழுதி வைத்தால், தெளிவு போன பிறகும் அது செல்லும். நம் நாட்டில் அப்படி இல்லை. எழுதிக் கொடுத்தவரின் சித்தம் கலங்கினால் பவர் அன்றோடு முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு. தெளிவு போன பிறகு கைநாட்டு வாங்கிய பவருக்கோ ஆரம்பத்திலிருந்தே உயிர் இல்லை. அதை வைத்து நிலத்தைத் தொட்டால், நாளைக்கு உங்கள் மேலேயே வழக்கு வரும்.

அதற்காக, டிமென்ஷியா என்ற ஒரு வார்த்தையோடு அப்பாவின் உரிமையெல்லாம் போய்விட்டது என்றும் எண்ணாதீர்கள். பெரும்பாலும் தெளிவில்லாத ஒருவர்கூட, தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு அனுமதிக்கிறது. உயிலுக்கும் இதே அளவுகோல்தான். தண்ணீர் வந்துவிட்டதா என்று அவர் கேட்பதைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. ஆனால் நீதிமன்றம் பார்ப்பது வேறு: எதில் கையெழுத்துப் போடுகிறோம், அதனால் தனக்கு லாபமா நஷ்டமா என்று அந்த நேரத்தில் அவருக்குப் புரிகிறதா? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டி, இதை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள். புரிகிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், உடனே வங்கி மேலாளர் முன்னிலையில் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். நிலத்தை உங்கள் பெயருக்கு எழுதி வாங்கும் யோசனை மட்டும் வேண்டாம். உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கே எழுதிக் கொடுத்தால், வற்புறுத்தி வாங்கியதோ என்ற சந்தேகம் வரும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில்தான் விழும்.

புரியவில்லை என்று மருத்துவர் சொன்னால்? நம் சட்டத்தின் ஓட்டை தெரியும் இடம் இது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில், சொத்தைப் பார்த்துக்கொள்ள மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது, சொத்துக்கு ஒரு வழியும் வைக்கவில்லை. இந்தியாவில் சுமார் 88 லட்சம் முதியவர்களுக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அத்தனை குடும்பங்களையும் இப்படி நடுத்தெருவில் நிறுத்தியிருப்பது பெரிய அநியாயம்.

மிச்சம் இருப்பது, அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கோமாவில் கிடப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கும் முறையைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அதே வழக்கில், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்ன தனி நீதிபதியின் உத்தரவு ரத்தானது. டிமென்ஷியா வந்த பெற்றோருக்குப் பிள்ளைகளைக் காப்பாளராக பம்பாய் உயர் நீதிமன்றம் நியமித்திருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் நீங்கள் போக வேண்டியது மதுரைக் கிளை. மருத்துவ அறிக்கை, சொத்து விவரம், தம்பியின் சம்மதப் பிரமாணப் பத்திரம் மூன்றும் முக்கியம். தம்பி அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம்.

அந்த மனுவில் அப்பா இல்லாதவராக ஆவதில்லை. நிலம் அவருடையதாகவே இருக்கும். பட்டாவும் மாறாது. அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் இருக்கும்வரை உங்களுக்கோ தம்பிக்கோ பங்கு கிடையாது. அவர் பணம் அவருடைய மருந்துக்கும், சாப்பாட்டுக்கும், பார்த்துக்கொள்ள வைக்கும் ஆளுக்கும் போய்ச் சேர்கிறதா என்று நீதிமன்றம் உங்களிடம் கணக்குக் கேட்கும். அவர் இருக்கிறார் என்பதால்தான் அந்தக் கணக்கே. அப்பா கண் முன்னால் இருக்கும்போதே அவரை இழந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தத் துக்கத்தை ஆற்ற எந்த உத்தரவாலும் முடியாது. ஆனால் மருந்து வாங்கக் கடன் கேட்டு நிற்கும் நிலையையாவது தவிர்க்கலாம்.

நீதிமன்ற உத்தரவு வரும்வரை அடுத்த போக நெல் பணமும் அந்தக் கணக்கிலேயே போய் முடங்க வேண்டியதில்லை. இப்போது சாகுபடி செய்வது நீங்கள் என்றால், அடங்கலில் சாகுபடி செய்பவராக உங்கள் பெயரைக் குறிக்கச் சொல்லி வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள். கொள்முதல் நிலையத்தில் அந்த அடங்கலையும் உங்கள் வங்கிப் புத்தகத்தையும் காட்டலாம்.

தம்பி செலவில் பங்கு தர மறுத்தால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கும்பகோணம் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அங்கே வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிட முடியும். ஆனால் தம்பியின் சம்மதம் மதுரையில் உங்களுக்குத் தேவைப்படும் என்பதால், முதலில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ரிட் மனுவுக்கு வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தஞ்சாவூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.