390 பாகை வட்டம்

எட்டாம் வகுப்புப் புள்ளியியலில் வட்ட விளக்கப்படம் நடத்துவது எனக்குப் பிடித்த வேலை. வழக்கமாக ஒரு குடும்பத்தின் மாதச் செலவை எடுத்துக்கொண்டு, உணவு இவ்வளவு, வாடகை இவ்வளவு என்று மையக்கோணம் கண்டுபிடிக்கச் சொல்வேன். சென்ற ஆண்டு ஒரு மாற்றம் செய்தேன். ரூபாய்க்குப் பதில் நேரம். ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே 1 மணி நேரம் 15 பாகை. வகுத்தால் மீதியே வராது. மெல்லக் கற்கும் பிள்ளைகளும் பயமில்லாமல் போடுவார்கள் என்பதுதான் என் கணக்கு.

கரும்பலகையில் 'அம்மாவின் ஒரு நாள்' என்று தலைப்பு எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியபோது ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை. உடனே அழித்துவிட்டு, 'நம்மைப் பார்த்துக்கொள்பவரின் ஒரு நாள்' என்று மாற்றினேன். இதைச் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் இந்தத் தலைப்பிலேயே தொடங்குங்கள். படங்களை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லவும் வேண்டாம். நோட்டில் இருப்பது பிள்ளையின் வீடு.

மறுநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நோட்டை நீட்டத் தயங்கினான். வட்டம் நிரம்பி, ஒரு பகுதி இடமில்லாமல் வெளியே தொங்கியது. அவன் அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஒன்றரை ஷிப்ட். எங்கள் ஊரிலிருந்து காலை 8 மணிக்கு வேன் ஏறினால் இரவு 9 மணிக்கு இறங்குவார். பையனின் பட்டியல் இப்படி இருந்தது: தூக்கம் 6 மணி, கம்பெனி 12, வேன் 1, சமையல் 3, துணி, பாத்திரம், தண்ணீர் பிடிப்பது 2, தம்பியைப் பார்ப்பது 2. கூட்டினால் 26 மணி. 390 பாகை.

"ஏம்பா, வட்டத்துல 390 எப்படி வரும்?" என்றேன்.

"தெரியலீங்க டீச்சர். சோறாக்கறப்பவே தம்பியையும் இடுப்புல வெச்சிருப்பாங்க. எதைக் கழிக்கறதுன்னு தெரியலீங்க."

தப்பு என்று சிவப்பு மையால் சுழிக்கப் போன கை நின்றுவிட்டது. பையன் கணக்கில் பிழை செய்யவில்லை. தரவுக்குப் பொருந்தாத படத்தைக் கொடுத்தது நான்தான். ஒன்றோடொன்று மேற்பொருந்தாத பகுதிகளுக்குத்தான் வட்ட விளக்கப்படம் பொருந்தும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடந்தால் பட்டை வரைபடம்தான் சரி. இந்த வேறுபாட்டை இத்தனை வருடம் ஒரு வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். அன்று ஒரு பாடவேளை முழுவதும் அதற்கே போனது. பிள்ளைகள் மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த வகுப்பில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலிருந்து நான்கு எண்களைக் கொடுத்தேன். ஊதியமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கப் பெண்கள் 134, ஆண்கள் 76. நிமிடத்துக்குக் கால் பாகை என்று மாற்றச் சொன்னேன். 74.75, 24.25, 33.5, 19 என்று விடை வந்தது. இவை அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மட்டுமான சராசரி. வீட்டு வேலையே செய்யாத ஆண்களையும் சேர்த்தால் ஆண்களின் எண் இன்னும் இறங்கும். சராசரி என்றால் யாருடைய சராசரி என்று கேட்கப் பழக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நோட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து திருத்தும்போது என் வட்டத்தையும் போட்டுப் பார்த்தேன். இப்போதைய வட்டத்தை அல்ல, 2008-ஆம் ஆண்டின் வட்டத்தை. அப்போது மகப்பேறு விடுப்பு 90 நாள். அதில் 12 நாள் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட, மகளுக்கு 78 நாள் ஆனபோது பள்ளிக்குத் திரும்பினேன். முதல் ஐந்து மாதம் என் அம்மா வந்து இருந்தார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, அம்மா ஊருக்குப் போய்விட்டார். பிறகு அடுத்த தெருவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவிடம் விட்டேன். ஒருநாள் மதியம் அரை நாள் விடுப்பில் சொல்லாமல் போனபோது, மகள் நனைந்த துணியோடு படுத்திருந்தாள். அந்த அக்கா கெட்டவர் அல்ல. அன்று அவரிடம் ஏழு குழந்தைகள், ஒரே ஆள். மறுநாளே நிறுத்திவிட்டேன். அதன்பின் என் அத்தை வந்தார், அவருக்கும் கண் அறுவை சிகிச்சை வந்தது. எந்த ஏற்பாடும் எட்டு மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை.

இன்று எங்கள் பள்ளிக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியைகள், "வீட்டுல பாட்டிகிட்ட விடறதா, காப்பகமா, எது நல்லதுங்க டீச்சர்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை. எதைத் தேர்ந்தாலும், அது முறியும் நாளில் யார் என்பதை முன்பே பேசி வையுங்கள் என்பேன். காப்பகம் என்றால் ஒரு முறையாவது சொல்லாமல் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பால் பீய்ச்சி வைத்துவிட்டு வருபவர்கள், 25 டிகிரி வெப்பம் வரைதான் 4 மணி நேரம் தாங்கும் என்பதை நினைவில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குக் குளிர்பெட்டி வேண்டும். எனக்கு இதை அப்போது யாரும் சொல்லவில்லை. மதியம் மார்பு கட்டி, ஸ்டோர் ரூமில் அழுதுகொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த வட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது. என் கணவரும் அரசு ஊழியர். மாலை ஐந்தரைக்கு வீட்டில் இருப்பார். அம்மா, அக்கா, அத்தை என்று ஆள் தேடிய நான், அவரிடம் ஒரு மணி நேரம்கூட கேட்கவில்லை. கேட்டது இரண்டாவது குழந்தை பிறந்த 2012-இல்தான். அதற்குள் விடுப்பு 6 மாதம் ஆகியிருந்தது. அது 2016-இல் 9 மாதமாகி, 2021-இல் ஓராண்டானது. எங்களுக்கு அப்படி. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்குச் சேர்ப்பது 2 வயது நிறைந்த பிறகுதான். அதற்கு முன்பு சத்துமாவு கிடைக்கும், பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள இடம் கிடைக்காது. அந்த இடைவெளியில் குழந்தையை யார் வைத்திருக்கிறார்கள்?

பதில் என் மேசையில் இருந்த நோட்டுக்கட்டிலேயே இருந்தது. முதல் பாடவேளைக்குத் தினமும் 9.40-க்கு வரும் ஒரு மாணவி. ஜூன் முதல் அவள் பெயருக்கு நேரே 'தாமதம்' என்று எழுதி வந்திருக்கிறேன். பல நாள் வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் தலை குனிவாள். திமிர் என்று நினைத்தேன். அவள் வரைந்த வட்டத்தில், தன்னைப் பார்த்துக்கொள்பவர் என்று யாரையும் எழுதவில்லை. 'நான்' என்று எழுதியிருந்தாள். ஒன்றரை வயதுத் தம்பி. அம்மா 8 மணி வேனில் போய்விடுவார். அப்பத்தா தோட்டத்தில் பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட்டுவிட்டு வர 9.30 ஆகும். அதுவரை தம்பி இவளிடம். கணக்குப் பாடவேளை முதல் பாடவேளை. அவள் எடுத்த மதிப்பெண் 31.

என் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைந்தவள் நான். என் வகுப்பிலேயே அப்படி ஓர் ஆள் இருந்ததும், அவளை நான் வாசலில் நிறுத்தியதும் அன்றுதான் உறைத்தது.

பெற்றோரை அழைப்பது என்றால் அம்மாவை அழைப்பதே பள்ளிகளின் வழக்கம். அம்மா வந்தால் அரை நாள் கூலி போகும். இம்முறை அப்பாவை அழைத்தேன். டெம்போ ஓட்டுபவர். இடுப்பில் பையனோடு வந்தார். நான் பிள்ளையின் வட்டத்தைக் காட்டி, 8 மணியிலிருந்து 9.30 வரை விரல் வைத்தேன்.

"நான் அப்பத் தூங்கிட்டு இருப்பனுங்க டீச்சர்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பத்து மணிக்குத்தானுங்க வண்டி எடுப்பேன். பையன் அவகூட இருக்கறது வழக்கமாப் போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலீங்க," என்றார்.

அவள் அம்மா சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். அதை அங்கே சொல்லவில்லை.

மறு வாரத்திலிருந்து அவள் 9 மணிக்கே வரத் தொடங்கினாள். ஆனால் செவ்வாயும் வியாழனும் அப்பாவுக்கு வெளியூர் லோடு, விடிந்துதான் திரும்புகிறார். அந்த இரண்டு நாள் மட்டும் கணக்கை மூன்றாவது பாடவேளைக்கு மாற்றித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்டேன். தமிழாசிரியர் ஐயாவிடம் அவருடைய பாடவேளையை மாற்றிக்கொள்ளலாமா என்றபோது, "உங்க கணக்குக்கு வேணும், என் தமிழுக்கு அவ வேண்டாமா?" என்று சிரித்தார். கடைசியில் உடற்கல்விப் பாடவேளை முன்னால் வந்தது. செவ்வாயும் வியாழனும் அவள் இன்னும் 9.40-க்குத்தான் வருகிறாள். நான் வருகைப் பதிவேட்டில் தாமதம் என்று எழுதுவதில்லை.