காய்ச்சல் பிள்ளையும் ரத்தச் சீட்டும்

தாய்மார்களே, சில பிள்ளைகளுக்கு மாசாமாசம் காய்ச்சல் வரும். மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை கொளுத்திவிட்டுத் தானே இறங்கும். கழுத்தில் நெறி கட்டும், வயிறு வலிக்கும். தடுப்பூசி போட்டால்கூட கிளம்பும். இந்த அபூர்வ நோயை 1984-இல் நெதர்லாந்து டாக்டர்கள் விவரித்தார்கள். ரத்தத்தில் 'ஐ.ஜி.டி.' என்ற எதிர்ப்புப் பொருள் கூடியிருக்கவே, அதையே நோய்க்குப் பேராக வைத்துவிட்டார்கள்.

வினையே அந்தப் பேரில்தான்! ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட்டைத் தாண்டினால் அதிகம் என்பது கணக்கு. ஆனால், மூன்று வயதுக்குள் நோய் இருந்தும் அது ஏறாமல் இருக்கலாம். வேறு நோய்களிலும் ஏறும். எண் பெரிசு என்பதால் நோயும் கடுமை என்றில்லை. ஆகவே சீட்டை மட்டும் பார்த்து அழவும் வேண்டாம், நிம்மதியாகவும் இருந்துவிட வேண்டாம்.

மூலகாரணம் 1999-இல் தெரிந்தது: தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வரும் ஒரு மரபணுக் கோளாறு. உறுதி சொல்வது மரபணுச் சோதனைதான். காய்ச்சல் நேரத்தில் சிறுநீரில் மெவலோனிக் அமிலம் பார்ப்பதும் உதவும்.

எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் டெங்கு போன்றவற்றைப் பார்க்கணும். திரும்பத் திரும்ப வந்தால், வந்த தேதி, இறங்கிய தேதி இரண்டையும் காலண்டரில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.