பாலோடு வேண்டாம், தண்ணீர் போதும்

எலிக்காய்ச்சலுக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிருமியை அடக்கும் மருந்து என் உடம்பின் செல்களை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? பாலோடு விழுங்கலாமா?
– வாசகி ஒருவர், நாகர்கோவில்

பால் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டாசிட் இவற்றையும் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளியே சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கிய கையோடு படுத்துவிடாதீர்கள்; மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

உங்கள் முதல் கேள்விதான் அருமையானது. எல்லாச் செல்களிலும் புரதம் தயாராகும் இடம் ரிபோசோம். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சுமந்து வருவது டிஆர்என்ஏ. அது வந்து அமர வேண்டிய இடத்தில், பஸ் ஸீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, டாக்ஸிசைக்ளின் முந்திக்கொள்கிறது. புரதச் சங்கிலி நீளாது, கிருமி பெருகாது. மிச்சத்தை உங்கள் நோய் எதிர்ப்பாற்றல் பார்த்துக்கொள்ளும்.

பாக்டீரியாவின் ரிபோசோம் 70எஸ் வகை. நம் செல்லின் பிரதான ரிபோசோம் 80எஸ். அமைப்பு வேறு என்பதால் மருந்து நம்முடையதில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. இப்படிப்பட்ட மருந்துகள் ரிபோசோமில் எங்கே ஒட்டுகின்றன என்பதை அணு அளவில் காட்டியவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரிபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்; நமக்கெல்லாம் பெருமை.

காய்ச்சல் விட்டாலும் டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரையைத் தொடருங்கள். இந்த மருந்து சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் சட்டென்று சிவந்துவிடும்; வெளியே போனால் குடை அவசியம்.