பாடம் 7: பறந்தால் தெரியும் நீலம்

நுழையுமுன்: கர்நாடகத்தின் மாநிலப் பறவை எது? அதனைத் தமிழில் எவ்வாறு அழைப்பர்?

மாணவர்களே! பெங்களூருவிலிருந்து ஓசூர் வழியாக ஊருக்குச் செல்லும்போது, சாலையோர மின்கம்பிகளை உற்றுநோக்குங்கள். புறா அளவில், பெரிய தலையும் பழுப்பு நிற மார்பும் கொண்ட பறவை ஒன்று அசையாது அமர்ந்திருக்கக் காணலாம். அழகற்ற பறவை என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால், புல்வெளியில் வெட்டுக்கிளியைக் கண்டதும் அது சிறகுகளை விரித்துப் பாயும். அக்கணமே அடர்நீலமும் இளநீலமும் பட்டை பட்டையாக ஒளிரும். அப்பறவையே பனங்காடை. கன்னடத்தில் இதனை ‘நீலகண்ட’ என்பர். கர்நாடகத்தின் மாநிலப் பறவை இதுவே.

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. பச்சைச் சிறகுடைய அதனைக் காண, மரஞ்செறிந்த காடுகளுக்குச் செல்ல வேண்டும். பனங்காடையோ வயல்வெளிகளில் வாழ்வது; இரு மாநிலங்களிலும் காணப்படுவது. பட்டுப்போன பனைமரப் பொந்துகளிலும் கூடு கட்டும். பூச்சிகளை உண்பதால் உழவருக்கும் நன்மை செய்கிறது.

பறவைகளுக்கு நிறம் வரும் வழி ஒன்றன்று. கோடியக்கரைக்கு வரும் பூநாரையின் செந்நிறம், அது உண்ணும் பாசி முதலிய உணவிலுள்ள நிறமிகளால் உண்டாவது. பனங்காடையின் சிறகிலோ நீல நிறமி இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பு, ஒளியிலுள்ள நீலத்தைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. நீல இறகைப் பொடியாக்கினால் நீலம் மறைந்துவிடும்!

விசயதசமியன்று இப்பறவையைக் காண்பது நற்பேறு என்பது பலரது நம்பிக்கை. இதனைப் பயன்படுத்திச் சிலர் பறவைகளைப் பிடித்து, கூண்டில் அடைத்துக் காட்டிப் பணம் பெறுகின்றனர். இறகு ஒடிந்தும் உணவின்றியும் அவற்றுள் பல மடிகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இவ்வாறு பிடிப்பது குற்றமாகும். கூண்டினுள் சிறகை விரிக்க இடமேது? பணம் கொடுத்துப் பார்ப்பவர், அதன் நீலத்தின் பேரழகைக் காணாமலே திரும்புகிறார். அவ்வழகைக் காண விரும்புவோர் வயல்வெளிக்குச் சென்று, அது பறக்கும்வரை பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும்.

சொற்பொருள்
நிறமி – நிறம் தரும் பொருள்
நற்பேறு – நல்வாய்ப்பு
மடிதல் – இறத்தல்

வினாக்கள்
1. பூநாரையின் செந்நிறத்திற்கும் பனங்காடையின் நீலத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கூண்டிலுள்ள பனங்காடையின் அழகை முழுமையாகக் காண இயலாதது ஏன்?

செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டியிடம் பனங்காடையைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் ஊரில் அதற்கு வழங்கும் பெயரையும், அதனைக் கண்ட இடத்தையும் ஐந்து தொடர்களில் எழுதுக.