மின்கம்பியின் கேஜ் எண்ணும் அதற்குரிய லக்கும்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் ஆறுகள் பெரும்பாலும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுவன. எனவே உழவர் பலர் ஆழ்குழாய்க் கிணற்றையும் அதனுள் மூழ்கி இயங்கும் மோட்டாரையும் நம்பியுள்ளனர். மோட்டார் எரிந்துவிட்டால் அதை மேலே எடுத்துச் சுற்றுக்கம்பியை மாற்றும் வரை பயிர் வாடும். இத்தகைய கேடு சில வேளைகளில் ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள ஒரு சிறு லக்கிலிருந்தே தொடங்குகிறது.

கம்பியின் நுனியைக் குழல் போன்ற லக்கினுள் செலுத்தி, கருவியால் நெரித்து இறுக்குவதே கிரிம்பிங் எனப்படும். குழல் பெரிதாயின் பிடிப்புத் தளரும். தளர்ந்த இடத்தில் மின்தடை மிகும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. தளர்ந்த இணைப்பின் தடை 0.05 ஓம் எனவும் மின்னோட்டம் 10 ஆம்பியர் எனவும் கொண்டால் அங்கு 5 வாட் வெப்பம் தோன்றும். மோட்டார் தொடங்கும் நொடியில் மின்னோட்டம் ஆறு மடங்கானால் அதுவே 180 வாட் ஆகும். நாளடைவில் லக் கருகி ஒரு பேஸ் அறுபடும். எஞ்சிய இரு பேஸ்களும் மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்க, மோட்டார் எரியும்.

கேஜ் எண்ணை மட்டும் கொண்டு லக்கைத் தேர்ந்தெடுத்தல் தவறு. பிரிட்டிஷ் அளவில் 14 எண் கம்பியின் விட்டம் 2.03 மி.மீ.; அமெரிக்க அளவில் அதே எண்ணுக்கு 1.63 மி.மீ. மட்டுமே. குறுக்குவெட்டுப் பரப்போ முறையே 3.24, 2.08 சதுர மி.மீ. எண் ஒன்றாயினும் கம்பி வேறு. ஆகவே பரப்பையே அளவாகக் கொள்ளுதல் வேண்டும்.

இழையின் விட்டத்தை இருமடியாக்கி, 0.785 ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் பரப்புக் கிடைக்கும். பழைய வழக்கில் 3/22 என்பது பிரிட்டிஷ் 22 எண் இழைகள் மூன்றைக் குறிக்கும். ஓர் இழையின் விட்டம் 0.711 மி.மீ.; பரப்பு ஏறத்தாழ 1.19 சதுர மி.மீ. 7/20 கம்பிக்கு இது 4.6 ஆகும்.

காப்பு உறையுள்ள லக்குகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 வரையிலும், நீலம் 1.5 முதல் 2.5 வரையிலும், மஞ்சள் 4 முதல் 6 சதுர மி.மீ. வரையிலும் உள்ள கம்பிகளுக்குரியவை. ஆகவே 3/22க்குச் சிவப்பும், 7/20க்கு மஞ்சளும் பொருந்தும்.

லக்கில் நுழையவில்லை என்று இழைகளை வெட்டலாகாது. ஏழு இழைகளில் இரண்டை வெட்டினால், அவ்விடத்தில் கடத்தும் பரப்பில் ஏழில் இரு பங்கு குறையும். கம்பி மெலிந்திருந்தால் அதை மடித்துத் திணிப்பதும் தகாது. அலுமினியக் கம்பியைச் செம்பு முனையத்துடன் இணைக்க இருஉலோக லக்கைப் பயன்படுத்துக. நெரித்தபின் கையால் இழுத்துப் பார்க்க. கழன்றுவந்தால் அந்த லக்கை விலக்கிப் புதியதைப் பொருத்துக.

மாணவர்க்குப் பயிற்சி: 0.711 மி.மீ. விட்டமுள்ள ஏழு இழைகள் கொண்ட 7/22 கம்பியின் பரப்பைக் கணக்கிடுக. நீல லக் அதற்குப் பொருந்துமா என்பதைக் காரணத்துடன் கூறுக.